மருந்தும் மௌனமும்

நோயாளியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடக் கூடாது என்றொரு வாதம் எம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. பாமரரைக் காட்டிலும் படித்தவர்களே இதனை மிகுந்த நம்பிக்கையோடு எடுத்துரைப்பர். மருந்தினால் விளையக்கூடிய தீமைகளைச் சொன்னால் நோயாளி அஞ்சுவார். அஞ்சினால் மருந்தை நிறுத்துவார். நிறுத்தினால் நோய் முற்றும். ஆதலால் சொல்லாதிருப்பதே கருணை என்பது இவ்வாதத்தின் சாரம். கருணையின் குரலிற் பேசப்படுவதாலேயே இதனை எதிர்ப்பது கடினமாகிறது. ஆயின் கருணையின் பெயரால் கடைப்பிடிக்கப்பட்ட மௌனம் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்பதற்கு எமது காலத்திலேயே ஒரு சான்று உண்டு. பிரான்சிலும் பிரித்தானியாவிலும் அச்சான்று இன்று பல்லாயிரம் வீடுகளில் உயிரோடு நடமாடுகிறது.

சோடியம் வல்புரோவேற்று என்பது அம்மருந்தின் பெயர். பிரான்சில் டெபாக்கீன் என்றும் பிரித்தானியாவில் எப்பிலிம் என்றும் அது விற்பனையாயிற்று. அதன் நெருங்கிய வடிவமொன்று அமெரிக்காவில் டெபாகோட் என்ற பெயரைப் பெற்றது. வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவதற்கென வந்த இம்மருந்து, பின்னர் ஒற்றைத் தலையிடி அடிக்கடி வராமல் தடுப்பதற்கும் கொடுக்கப்பட்டது.

முதலிலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட விரும்புகிறோம். இக்கட்டுரையைப் படித்துவிட்டு எவரேனும் தாம் உட்கொள்ளும் வலிப்புக் குளிசையைத் தாமாகவே நிறுத்துவாராயின் அது பேராபத்து. திடீரென நிறுத்தினால் வலிப்பு இடைவிடாது தொடர்ந்து வந்து உயிரையே பறித்துவிடக் கூடும். மாற்றுவதோ குறைப்பதோ வைத்தியரோடு கலந்து, படிப்படியாகச் செய்யவேண்டிய காரியம். நாம் குற்றக் கூண்டில் நிறுத்துவது மருந்தை அல்ல. அம்மருந்தைப் பற்றிய அறிவை யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கலாகாது என்று தீர்மானித்தவர்களையே.

வலிப்பு நோயாளி மனித சமுதாயத்தின் கைகளிற் பட்ட பாடு கொஞ்சமன்று. காக்கை வலிப்பு என்ற பெயரும், விழுந்து துடிப்பவரின் கையில் திறப்புக் கோவையைத் திணிக்கும் வழக்கமும் எமது கிராமங்களில் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை. கிரேக்கத்தில் ஹிப்போக்கிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ நூல்களுள் ஒன்று, இந்நோய் தெய்வத்தின் செயலன்று, மூளையிலே தோன்றுவது என்று ஏறத்தாழ 2400 ஆண்டுகளுக்கு முன்னரே வாதிட்டது. சட்டம் இயற்றியோர் அந்நூலைப் படித்ததாகத் தெரியவில்லை. வலிப்பு நோயாளர் மணம் புரிவதைத் தடுத்த சட்டம் பிரித்தானியாவில் 1970 வரை உயிரோடிருந்தது. இந்தியாவின் இந்துத் திருமணச் சட்டத்தில் இந்நோய் பற்றி இருந்த தடை வாசகம் 1999 ஆம் ஆண்டிலேதான் நீக்கப்பட்டது. இந்நோயாற் தாமே வருந்திய தஸ்தயேவ்ஸ்கி, ‘அசடன்’ நாவலின் நாயகனுக்கும் இதனைக் கொடுத்து, விழுந்து துடிக்கும் மனிதனுக்குள்ளே இருக்கும் மனிதனை உலகுக்குக் காட்டினார். அந்நாளில் இலக்கியம் செய்ததைச் சட்டம் செய்வதற்கு ஒரு நூற்றாண்டு வேண்டியிருந்தது.

மருத்துவம் தந்த விடுதலையை நாம் குறைத்து மதிப்பிடுவோமல்லோம். 1857 இல் இலண்டன் வைத்தியர் சாள்ஸ் லொக்கொக் புரோமைட்டைப் பற்றிப் பேசினார். 1912 இல் ஜேர்மனியில் அல்பிரட் ஹவுப்ற்மான் என்ற இளம் வைத்தியர், தூக்கமருந்தாக அறிமுகமாகியிருந்த பினோபாபிற்றோனைத் தம் நோயாளருக்குக் கொடுத்தபோது அவர்களுடைய வலிப்புக் குறைவதைக் கண்டார். இன்றும் வறிய நாடுகளில் மிக மலிவாகக் கிடைக்கும் வலிப்பு மருந்து அதுவே. (யூத வம்சத்தினர் என்ற காரணத்தால் ஹிட்லரின் ஆட்சி அவரைப் பேராசிரியர் பதவியிலிருந்து நீக்கியது என்பதையும், அவர் நாட்டை விட்டு வெளியேறி 1948 இல் அமெரிக்காவில் மறைந்தார் என்பதையும் மருத்துவ மாணவர்கள் ஒரு கணம் நினைவிற் கொள்ளலாம்.) உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயோடு வாழ்கின்றனர் என்றும், அவர்களுள் 80 வீதத்தினர் வறிய, நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தோர் என்றும், தக்க சிகிச்சை கிட்டினால் 70 வீதமானோர் வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஆகவே குளிசைக்கு எதிராக மந்திரத்தையும் நூல் கட்டுவதையும் முன்வைப்போர் எம்மைத் தம் பக்கத்தவர் என எண்ணிவிட வேண்டாம்.

வல்புரோவேற்றின் பிறப்பு விநோதமானது. அதன் மூல அமிலத்தை 1882 இல் அமெரிக்க இரசாயனவியலாளர் பேர்ட்டன் ஆக்கினார். அதன் பின்னர் ஏறத்தாழ 80 ஆண்டுகள் அது வேறு பொருள்களைக் கரைக்கும் திரவமாகவே ஆய்வுகூடங்களிற் கிடந்தது. 1960களின் தொடக்கத்தில் பிரான்சில் பியர் எய்மார் என்பார், வலிப்புக்கு உதவுமா என்று சில புதிய பொருள்களை அதிற் கரைத்து எலிகளிற் சோதித்தார். கரைக்கப்பட்ட பொருள்கள் யாவும் பயன் தந்தன! உண்மையிற் பயன் தந்தது கரைத்த திரவமே என்பது பின்னர் தெரிந்தது. 1967 இல் பிரான்சில் அது மருந்தாக விற்பனைக்கு வந்தது. 1978 இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. சிலவகை வலிப்புகளுக்கு, குறிப்பாக மூளை முழுவதையும் ஒருசேரப் பற்றும் வகைக்கு, இதனினும் சிறந்த மருந்து இன்றும் அரிது. 2007 இல் பிரித்தானியாவில் வெளியான பெரிய ஒப்பீட்டு ஆய்வும் அவ்வாறே முடிவு கூறியது. இவ்வுண்மையை மறைத்து வாதாடினால் நாமும் எதிரிகளின் வழியையே பின்பற்றியவராவோம்.

ஆனால் இன்னோர் உண்மையும் உண்டு. கருவுற்ற தாய் இதனை உட்கொண்டால், பிறக்கும் பிள்ளைகளுள் நூற்றுக்கு ஏறத்தாழ 10 பேருக்கு உடலமைப்பிற் பாரிய குறை ஏற்படுகிறது. முதுகெலும்பு மூடாமை, பிளந்த அண்ணம், இருதயக் குறை, கைகால்களின் குறை என அவை பலவகைப்படும். நூற்றுக்கு 30 முதல் 40 பேர் வரை நடத்தல், பேசுதல், கற்றல் ஆகியவற்றிற் பின்தங்குகின்றனர். இவை இன்று ஐரோப்பிய மருந்து அதிகாரசபையே ஏற்றுக்கொண்ட கணக்குகள்.

இக்கணக்கு முழுவதும் ஒரே நாளிற் தெரிந்ததன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். விஞ்ஞானம் படிப்படியாகவே வளரும். ஆனால் எந்தப் படியில் எது தெரிந்திருந்தது, தெரிந்தது யாருக்குச் சொல்லப்பட்டது என்று கேட்பதற்கு எமக்கு உரிமை உண்டு.

1973 ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். வலிப்பு மருந்துகள் கருவைப் பாதிக்கக் கூடும் என்ற ஐயம் அப்பொழுதே பிரித்தானியாவின் மருந்துப் பாதுகாப்புக் குழுவின் முன் வந்துவிட்டது. குழு என்ன செய்தது? வைத்தியர்களுக்கு அறிவிக்கலாம் என்றது. மருந்துப் பெட்டியினுள் வைக்கப்படும் தாளில், நோயாளியின் கண்ணிற் படக்கூடிய இடத்தில், அதனைச் சேர்க்க வேண்டாம் என்றும் முடிவு செய்தது. வீணான கலக்கம் உண்டாகும் என்பதே சொல்லப்பட்ட காரணம். பல பத்தாண்டுகளின் பின்னர், பழைய அரச ஆவணங்களைத் துருவிய பெண்கள் இதனை வெளிக்கொணர்ந்தபோது அவர்களின் பிள்ளைகள் வளர்ந்து ஆளாகியிருந்தனர்.

இந்த முடிவைச் சற்று நின்று நோக்க வேண்டும். அக்குழுவிலிருந்தோர் கொடியோரல்லர், கையூட்டுப் பெற்றோர் என்று சொல்வதற்கும் சான்றில்லை. கற்றவர்கள், கனவான்கள், தம் கடமையைச் செய்வதாகவே எண்ணியவர்கள். எமது கட்டுரையின் தொடக்கத்தில் நாம் எடுத்துக்காட்டிய அதே வாதத்தையே அவர்களும் பேசினர். கலங்கினால் என்ன நேரும் என்று அவர்கள் எண்ணிப்பார்த்தனர். கலங்காதிருந்தால் என்ன நேரும் என்று எண்ணவில்லை. கலங்கிய ஒரு பெண் வைத்தியரிடம் சென்று, நான் பிள்ளை பெற விரும்புகிறேன், எனக்கு வேறு மருந்து உண்டா என்று கேட்டிருப்பாள். கலங்க விடாமற் காக்கப்பட்ட பெண்ணோ, நாள் தவறாது, விசுவாசத்தோடு, காலையும் மாலையும் குளிசையை விழுங்கினாள்.

1982 இல் பிரான்சின் லியோன் நகரில் எலிசபெத் ரொபேர் என்ற வைத்தியர், முதுகெலும்பு மூடாது பிறந்த பிள்ளைகளின் தாய்மாருள் வல்புரோவேற்று உட்கொண்டோர் அளவுக்கு மீறி இருப்பதைக் கண்டார். ‘லான்செற்’ என்ற மருத்துவ ஏட்டில் அது வெளியாயிற்று. 1984 இல் இம்மருந்தினாற் பாதிப்புற்ற குழந்தைகளின் முகச் சாயலும் பிற அடையாளங்களும் தனியொரு நோயாக விவரிக்கப்பட்டன. அதாவது வைத்திய உலகம் அதற்கு ஒரு பெயரே சூட்டிவிட்டது. பெயர் சூட்டப்பட்ட ஒன்றைத் தெரியாது என்று சொல்ல முடியாது.

இவ்விடத்தில் உடற்கூற்றின் ஒரு சிறு உண்மையை ஆசிரிய நண்பர்கள் கவனிக்க வேண்டும். கருவின் முதுகுத்தண்டாக அமையும் குழாய், கருத்தரித்து ஏறத்தாழ 28 நாள்களில் மூடிவிடுகிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அப்பொழுதுதான் ஐயுறத் தொடங்குவர். ஆகவே கருவுற்ற பின் சொல்வோம் என்ற சாக்கு இங்கே செல்லாது. கருவுற்ற பின் சொல்வது இவ்விடயத்திற் சொல்லாததற்கு ஒப்பாகும். திருமணத்துக்கு முன், பிள்ளைப் பேற்றை எண்ணுமுன், பாடசாலை மாணவியாக அவள் முதற் குளிசையை வாங்கும் நாளிலேயே தொடங்கிச் சொல்லப்பட வேண்டிய செய்தி இது.

இனித் தலையிடிக்கு வருவோம். எமது குற்றச்சாட்டு இங்கேதான் கூர்மையடைகிறது.

வலிப்பு நோயுள்ள தாயின் நிலை இருதலைக் கொள்ளி. மருந்தை விட்டால் வலிப்பு அவளையும் கருவையும் தாக்கும். உட்கொண்டால் கருவுக்கு ஊறு. வேறெந்த மருந்தும் பயன் தராத ஒருத்திக்கு வல்புரோவேற்றைத் தொடர்வதே ஏற்றதென முடிவு செய்யப்படலாம். அவள் அறிந்து, தானே எடுத்த முடிவாயின் அதனைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஒற்றைத் தலையிடியின் நிலை வேறு. அது கொடிய வேதனைதான். ஒளியையும் ஓசையையும் பொறாது, குமட்டலோடு நாட்கணக்கில் இருட்டறையிற் கிடந்தவர்களே அதனை அறிவர். ஆயினும் அதனைத் தடுப்பதற்குப் புரொப்பிரனலோல், அமிற்றிரிப்ரிலின் முதலிய வேறு மருந்துகள் உள. மேலும் அந்நோய் ஆண்களைக் காட்டிலும் பெண்களையே அதிகம், ஏறத்தாழ மூன்று மடங்கு, பீடிக்கிறது. அதுவும் பிள்ளை பெறும் பருவத்தினரையே மிகுதியாகப் பீடிக்கிறது. அத்தகைய நோய்க்கு இந்த மருந்து!

அமெரிக்காவில் தலையிடித் தடுப்புக்கென டெபாகோட்டுக்கு அனுமதி கிடைத்த ஆண்டு 1996. லியோனின் கண்டுபிடிப்புக்கு அப்பொழுது வயது 14. கருவுற்றவர்களுக்குத் தலையிடிக்காக அதனைக் கொடுக்கவே கூடாது என்று அதே நாட்டின் அதிகாரிகள் அறிவித்தது 2013 இல். இடையே 17 ஆண்டுகள். அவ்வறிவிப்புக்கு ஆதாரமாக அமைந்த ஆய்வு, தாயின் வயிற்றில் வெவ்வேறு வலிப்பு மருந்துகளுக்கு ஆளான பிள்ளைகளை ஆறு வயது வரை பின்தொடர்ந்து அளந்தது. வல்புரோவேற்றுக்கு ஆளானோரின் சராசரி நுண்ணறிவு ஈவு 97. மற்ற மூன்று மருந்துகளுக்கு ஆளானோருக்கு 105 முதல் 108 வரை. எட்டுப் பத்துப் புள்ளிகள் என்ன பெரிது என்று கேட்போர் ஒரு வகுப்பறையிற் சென்று நிற்கட்டும்.

இந்த இடத்திற்தான் ஆசிரியர்கள் இவ்வரலாற்றினுள் நுழைகின்றனர். முதுகெலும்புக் குறையைப் பிரசவ அறையிலேயே காணலாம். சொல் தாமதமாக வருவதையும், கவனம் சிதறுவதையும், பிற பிள்ளைகளோடு சேர முடியாமையையும் முதலிற் காண்பவர் பாடசாலை ஆசிரியர். பிரான்சிலும் பிரித்தானியாவிலும் பல தாய்மார் சொன்ன கதை ஒன்றே: பிள்ளையின் குறைக்குத் தாயின் வளர்ப்பே காரணம் என்று அவர்கள் முதலிற் குற்றஞ்சாட்டப்பட்டனர். மருந்தின் பெயர் அங்கே எழவில்லை. இரண்டாம் பிள்ளைக்கும் அதே குறை ஏற்பட்டபோதும் எழவில்லை. ஒரு பிள்ளையோடு நின்றிருக்க வேண்டிய துயரம் அக்குடும்பங்களில் மூன்றாக, நான்காக வளர்ந்தமைக்கு மௌனத்தையன்றி வேறெதனைக் காரணமாகக் காட்டுவது?

கம்பனிகளின் இலாபவேட்கை என்று ஒரே வரியில் இதனை முடித்துவிடுவது எமக்கு எளிது. எமது அணியிற் பலர் அவ்வாறே முடித்து, கைதட்டலும் பெறுவர். இலாபவேட்கைக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. டெபாகோட்டை விற்ற அமெரிக்கக் கம்பனியான அபொற், முதியோர் இல்லங்களில் மறதி நோயால் வாடும் வயோதிபரை அடக்கி வைப்பதற்கு அம்மருந்தைப் பரப்பியது. அதற்கெனத் தனியொரு விற்பனைப் படையையே பயிற்றியது. அப்பயனுக்கு அனுமதியும் இல்லை, தக்க ஆதாரமும் இல்லை. 2012 இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 150 கோடி டொலர் செலுத்த இசைந்தது. ஆதாரமில்லாத பயனை ஊரெங்கும் சொல்வதற்குப் படை இருந்தது. ஆதாரமுள்ள ஆபத்தைச் சொல்வதற்கு ஒரு கடதாசித் துண்டு இருக்கவில்லை. இத்தொழிலின் இயல்பை இதனினும் சுருக்கமாக நாம் விளக்க முடியாது.

ஆயினும் பிரான்சின் கதை எமக்கு வேறொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. அங்கே டெபாக்கீனை விற்ற சனோஃபி, ஆபத்தை அவ்வப்போது அரச அதிகாரிகளுக்கு அறிவித்தே வந்ததாக வாதாடியது. அரசோ கம்பனியைச் சுட்டியது. நீதிமன்றங்கள் இரு சாராரையும் விடவில்லை. 2020 இல் மொந்திரோய் நகரின் நிர்வாக நீதிமன்றம் அரசின் பொறுப்பை உறுதிசெய்தது. 2022 ஜனவரியில் பாரிஸ் நீதிமன்றம், கம்பனி விழிப்பாயிருக்கும் கடமையிலும் அறிவிக்கும் கடமையிலும் தவறியது என்று தீர்ப்பளித்தது. கம்பனி மேன்முறையீட்டுக்குச் சென்றது. அரசின் கையில் அதிகாரம் வந்துவிட்டால் மக்களுக்கு உண்மை தெரிந்துவிடும் என்று எளிதாக நம்பும் எமது தோழர்கள் முதலாவது தீர்ப்பை இருமுறை படிக்க வேண்டும். 1973 இன் இலண்டன் குழுவும் அரசின் குழுவே. மக்களிடம் சொல்ல வேண்டியதில்லை என்ற மனோபாவம் கம்பனிக் காரியாலயத்திற் பிறந்தாலென்ன, அமைச்சகத்திற் பிறந்தாலென்ன, விழுங்குபவளுக்கு விளைவு ஒன்றுதான்.

இம்மௌனத்தை உடைத்தவர்கள் யார்? பெரிய பட்டம் பெற்றவர்களல்லர். பிரான்சில் மரீன் மார்த்தான் என்ற தாய். சிறு வயதிலிருந்தே டெபாக்கீன் உட்கொண்டவர். இரு பிள்ளைகளின் குறைக்கும் காரணம் அதுவே என்று தாமே படித்துக் கண்டுபிடித்து, 2011 இல் பாதிக்கப்பட்ட குடும்பங்களின் சங்கத்தை அமைத்தார். அச்சங்கத்தின் ஓயாத கிளர்ச்சியின் பின்னரே அரசின் விசாரணையாளர் 2016 இல் அறிக்கை அளித்தனர். 1967 இலிருந்து பாரிய உடற்குறையோடு பிறந்த பிள்ளைகள் 2,150 முதல் 4,100 வரை என்று 2017 இலும், வளர்ச்சிக் குறையுற்றோர் 16,600 முதல் 30,400 வரை என்று 2018 இலும் பிரெஞ்சு அதிகாரிகள் மதிப்பிட்டனர். பிரித்தானியாவிலும் தாய்மாரே முன்னின்றனர். 2017 செப்டெம்பரில் ஐரோப்பிய மருந்து அதிகாரசபை தன் வரலாற்றிலேயே முதன்முறையாகப் பொதுமக்களை அழைத்து விசாரணை நடத்தியது; அது இந்த மருந்தைப் பற்றியே. நிபுணர் மட்டுமே பேசிய மண்டபத்தில் அன்று தாய்மார் பேசினர். 2020 இல் கம்பர்லெச் சீமாட்டியின் தலைமையில் பிரித்தானியாவில் வெளியான விசாரணை அறிக்கை, பெண்களின் முறைப்பாடுகள் ஆண்டுக்கணக்கில் தட்டிக்கழிக்கப்பட்டதை ஒளிவுமறைவின்றிக் கண்டித்தது. 2024 இல் அந்நாட்டின் நோயாளர் பாதுகாப்பு ஆணையாளர், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் முதற்கட்டமாக 1,00,000 பவுண் வழங்கவேண்டும் என்று பரிந்துரைத்தார்.

இனி, சொன்னால் அஞ்சி மருந்தை நிறுத்திவிடுவார்கள் என்போருக்கு மறுமொழி கூறுவோம். சிலர் நிறுத்தத்தான் கூடும், அவ்வபாயம் பொய்யன்று. ஆனால் எப்பொழுது நிறுத்துவர்? செய்தி வைத்தியரின் வாயிலிருந்து, மாற்று வழியோடு சேர்ந்து, உரிய காலத்தில் வராமல், பத்தாண்டுகள் கழிந்து அயலாளின் வாயிலிருந்து அரைகுறையாக வரும்பொழுதே நிறுத்துவர். உரிய காலத்திற் சொன்னால் செய்யக்கூடியவை பல. லமோற்றிரிஜின், லெவெற்றிராசெற்றம் போன்ற, கருவுக்கு ஊறு குறைந்த மருந்துகளுக்கு முன்கூட்டியே மாறலாம். அது முடியாவிடின் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கலாம். பிள்ளைப் பேற்றைப் பிற்போடலாம். எல்லாம் அறிந்தும் துணியலாம். மறைப்பவர் நோயாளியின் அச்சத்தை நீக்குவதில்லை; அவளுடைய தெரிவுகளையே நீக்குகிறார். ஏமாற்றப்பட்டோம் என்று ஒருநாள் அறியும் மக்கள் அந்த ஒரு குளிசையை மட்டும் வெறுப்பதில்லை. வைத்தியசாலையையே வெறுத்து மந்திரவாதியின் வாசலை நாடுகின்றனர். மூடநம்பிக்கையை வளர்க்கிறார்கள் என்று பாமரரை நோக்கிக் கையை நீட்டும் எமது கனவான்கள் இதனைச் சிந்திப்பார்களா?

கதை வல்புரோவேற்றோடு முடிந்ததாயின் நாம் இத்தனை எழுதியிருக்க மாட்டோம். ரொப்பிரமேற்று என்று இன்னொரு மருந்து. அமெரிக்காவில் 1996 இல் வலிப்புக்கும், 2004 இல் தலையிடித் தடுப்புக்கும் அனுமதி பெற்றது. உட்கொள்வோர் சிலருக்கு விரல்கள் மரத்துப்போகும். பேசிக்கொண்டிருக்கையில் தெரிந்த சொல்லே நாவில் வராது நின்றுவிடும். ஆசிரியத் தொழில் செய்வோருக்கு இது எத்தகைய வேதனை என்பதை விளக்க வேண்டியதில்லை. தாய் உட்கொண்டால் குழந்தைக்கு உதடும் அண்ணமும் பிளக்கலாம் என்ற எச்சரிக்கை 2011 இல் வந்தது. பிள்ளைகளின் மனவளர்ச்சியும் பாதிக்கப்படலாம் என்று 2022 இல் வட ஐரோப்பிய நாடுகளின் பேராய்வொன்று காட்டியது. 2023 இல் ஐரோப்பிய அதிகாரசபையும் 2024 இல் பிரித்தானியாவும் கட்டுப்பாடுகளை விதித்தன. இம்முறை சில ஆண்டுகளே சென்றன. முன்னைய மருந்தின் தாய்மார் போராடியிராவிடில் இதற்கும் 40 ஆண்டுகள் சென்றிருக்கும் என்றே நாம் கருதுகிறோம்.

இங்கே ஒரு சிறு சட்டத்தைக் குறிப்பிட வேண்டும். சிறிதாயினும் எமக்கு நேரே பயன்படுவது அதுவே. பிரித்தானியாவில் எச்சரிக்கைத் தாள் ஒருவாறு அச்சிடப்பட்ட பின்னரும் பல பெண்களின் கைகளுக்கு அது சென்றடையவில்லை. காரணம் மிக எளிது. மருந்தாளர் பெரிய பெட்டியைப் பிரித்து, வேண்டிய குளிசைகளை எண்ணி, வெறும் பெட்டியொன்றில் இட்டுக் கொடுத்தார். தாளும் பெட்டியின் மேலிருந்த எச்சரிக்கையும் கடையிலேயே நின்றுவிட்டன. 2023 ஒக்டோபரிலிருந்து வல்புரோவேற்றை உற்பத்தியாளரின் முழுப் பெட்டியிலேயே கொடுக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர்.

இதனைப் படித்தபோது எமக்கு எமது அரசாங்க வைத்தியசாலையின் மருந்து யன்னல் நினைவுக்கு வந்தது. நீண்ட வரிசை. கம்பிக்கு அப்பால் ஒரு கை. எண்ணி இடப்பட்ட குளிசைகளோடு வெளியே வரும் சிறிய கடதாசி உறை. அதன் மேற் காலை, இரவு என்ற குறிகள். தாளுமில்லை, பெட்டியுமில்லை. தனியார் கடையிற் பெட்டியோடு வாங்குபவருக்குத் தாள் கிடைக்கிறது. பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. இலவச வைத்தியம் என்பது இந்நாட்டு மக்களின் பெரும் உரிமை. அதனைக் காப்பதற்கு நாம் எவருக்கும் பின்னிற்போமல்லோம். ஆனால் இலவசமாகப் பெறுபவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை என்ற எண்ணம் அந்த யன்னலின் இருபுறத்திலும் வேரூன்றியிருக்கிறது. அதனை உரிமையின் பகுதியாக நாம் ஏற்க முடியாது.

பேராசிரியர் சேனக பிபிலே இந்நாட்டிற் தொடங்கிய பணியை இவ்விடத்தில் நினைக்காதிருக்க முடியாது. டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து அவர் அளித்த அறிக்கையின் அடியாக 1971 இல் அரசாங்க மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. கம்பனிகள் சூட்டிய வியாபாரப் பெயர்களை விலக்கி, மருந்தை அதன் இயற்பெயராலேயே அழைக்க வேண்டும் என்று அவர் போராடினார். 1977 இல் கயானாவில் அவர் மறைந்தபோது, அவரது கொள்கையை வேறு பல நாடுகள் கற்கத் தொடங்கியிருந்தன. மருந்தின் உண்மைப் பெயரை அறிவது விலையைக் குறைக்கும் வழி மட்டுமன்று. உட்கொள்வது இன்னதென்று அறிவதற்கும் அதுவே முதற்படி. முதற்படியிலேயே நாம் நின்றுவிட்டோம். எமது உறையைக் கையில் வாங்கும் பெண்களுட் பலருக்கு அதனுள் இருப்பதன் பெயரும் தெரியாது. வலிப்புக் குளிசை, தலையிடிக் குளிசை என்பதோடு அறிவு முடிகிறது.

எனவே எமது கோரிக்கை பெரியதன்று. பிள்ளை பெறும் பருவத்திலுள்ள பெண்ணின் கையில் இம்மருந்துகளைக் கொடுக்குமுன் மூன்று செய்திகள் தமிழிலும் சிங்களத்திலும் அவளைச் சென்றடைய வேண்டும்: மருந்தின் பெயர், பிள்ளை பெற எண்ணினால் அதற்கு முன்னரே வைத்தியரைக் காண வேண்டும் என்பது, எக்காரணம் கொண்டும் திடீரென நிறுத்தலாகாது என்பது. ஆசிரியர் சங்கங்களும் மாணவர் மன்றங்களும் இதனைத் தம் தீர்மானங்களிற் சேர்க்கலாம். வகுப்பில் வலிப்புற்று விழும் மாணவியின் பெற்றோரை அழைத்துப் பேசும் ஆசிரியை, பிள்ளை உட்கொள்ளும் குளிசையின் பெயரைக் கேட்டறிந்து, வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வியை அவர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம்.

எமது மக்கள் இவற்றையெல்லாம் வாசிக்கமாட்டார்கள் என்று ஓர் அதிகாரி சொல்லக்கூடும். எழுத்தறிவு 90 வீதத்துக்கு மேல் என்று சர்வதேச மாநாடுகளில் இதே அதிகாரிகள்தாம் பெருமை பேசுகின்றனர். செலவு அதிகம் என்று இன்னொருவர் சொல்லக்கூடும். மூன்று வரிகளுக்கு வேண்டியது மை மாத்திரமே. உறையின் பின்புறம் இப்பொழுதும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.